செத்தவன் வந்த மினிபஸ்

பெற்ற மகனைக் கொன்றவனைத் தூக்கில் போடாதீர்கள் என்று கோர்ட்டுக்குப் போய்க் கெஞ்சிய அம்மாவைப் பற்றி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊரில் இருக்கிறாள். பெயர் எனெலெசி.

அன்றிலிருந்து நான் அவளுக்கு மண்டாசி விற்பதில்லை. பஸ் நிற்கிற இடத்தில் எண்ணெய்ச் சட்டி வைத்து, மாவை உருட்டிப் போட்டு மண்டாசி சுடுகிறவள் நான். குடிகாரனுக்கு விற்பேன், திருடனுக்குக்கூட விற்பேன். இவளுக்கு மட்டும் மாட்டேன்.

"எல்லாம் தீந்துபோச்சு" என்பேன், தட்டு நிறைய இருக்கும்போதே. அவளும் திரும்பிப் போய்விடுவாள்.

பின்னே என்ன? அவள் மகன் லாஸ்டன் சொந்த சைக்கிளில் கூலிக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காணாமல் போனான். நாலாம் நாள் ஷிரே ஆற்றில் ஒரு பிணம் ஒதுங்கியது. முகத்தை முதலை விட்டுவைக்கவில்லை. ஆனால் போட்டிருந்தது லாஸ்டனின் மஞ்சள் சட்டை. அவன் சைக்கிள் எங்கள் ஊர் ஜாஃபலி வீட்டில் நின்றது.

"காசு குடுத்து வாங்கினேன்" என்றான் ஜாஃபலி.

சாட்சி? ஒருத்தருமில்லை. தூக்குத் தண்டனை.

அப்புறம் சட்டம் மாறியது. தூக்குக்குக் காத்திருந்தவர்களின் வழக்கையெல்லாம் மறுபடி விசாரித்தார்கள். ஊர் என்ன சொல்கிறது என்று கேட்க வக்கீல் வந்தார். "தொங்க விடுங்க" என்று எங்கள் ஊர்த்தலைவர் சிலிம்பா சொல்லி, காகிதத்தில் முத்திரையும் குத்தினார். நாங்கள் அத்தனை பேரும் கை தூக்கினோம்.

எனெலெசி மட்டும் தூக்கவில்லை. கோர்ட்டுக்கே போய், "அவனை உசுரோட வைங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தாள். செத்தவனைப் பெற்றவளே அப்படிச் சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? தூக்கு, ஆயுள் தண்டனை ஆகிவிட்டது.

ஊர் சும்மா விடுமா? "ஜாஃபலி வீட்டுல என்னத்த வாங்கினாளோ" என்று பேச்சு கிளம்பியது. கிளப்பியதே நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில். மினிபஸ்ஸிலிருந்து முதலில் ஒரு பெரிய பை இறங்கியது. அப்புறம் ஒரு டி.வி. அதற்கப்புறம் ஒரு ஆள்.

"அக்கா, ரெண்டு மண்டாசி குடு. சூடா இருக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். கரண்டி சட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"ஐயய்யோ! லாஸ்டன் பேய்! பேய்!"

ஓடினேன் பாருங்கள், இந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடினேன்! தக்காளிக்காரி ஓடினாள், கண்டக்டர் ஓடினான், எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே பாதி பஸ் இறங்கி ஓடியது.

அவனோ வாயில் மண்டாசியோடு நிற்கிறான். "பேய் மண்டாசி திங்குமா அக்கா? வந்து கிள்ளிப் பாரு!"

போய்க் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன். கத்தினான். உயிரோடுதான் இருக்கிறான்!

"எங்கடா போய்த் தொலைஞ்சே?"

"ஜோகன்னஸ்பர்க். சொன்னா அம்மா விடமாட்டாங்க. சைக்கிளை ஜாஃபலிக்கு வித்தேன், இருந்த நல்ல சட்டையைப் பழைய துணிச் சந்தையில வித்தேன், லாரி ஏறிட்டேன்."

"ஒரு போன் பண்ணக் கூடாதா, பாவி?"

"கையில ஒண்ணுமில்லாம எந்த முகத்தோட பண்றது?"

வேலை தேடி அங்கே போகிற எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. சாமான் சேர்கிற வரை செத்தவன் மாதிரி இருப்பார்கள்.

"சட்டையை வித்தியா?" என்றாள் தக்காளிக்காரி. "அப்ப நாங்க பொதைச்சது யாரை?"

எனக்குச் சுரீர் என்றது. "அடியே... ஜாஃபலி!"

அவ்வளவுதான், ஊரே திரண்டுவிட்டது. தலைவர் மூச்சிரைக்க வந்தார், லாஸ்டனைத் தொட்டுப் பார்த்தார், வக்கீலுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வக்கீல் அலறினார்.

"ஆள் நிஜமாவே நிக்கிறானா? போட்டோ அனுப்புங்க! இன்னிக்கே மனு போடறேன். ஜாஃபலி வெளியில வந்துடுவான்! நல்லவேளை, அன்னிக்கே தொங்க விட்டிருந்தா எந்தக் கோர்ட்டு உசுரத் திருப்பிக் குடுக்கும்?"

குலவை போட்டோம், குதித்தோம். வக்கீல் சொன்னது அப்புறம்தான் உறைத்தது. தொங்க விடச் சொன்னது யார்? நாங்கள். தடுத்தது யார்? எல்லாரும் எனெலெசி வீட்டுக்கு ஓடினோம்.

மகனைப் பார்த்ததும் அவள் விளக்குமாற்றால் அடித்தாள், கட்டிக்கொண்டு அழுதாள், மறுபடி அடித்தாள். ஜாஃபலி கதையை நான்தான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "லாஸ்டன் அம்மா, பெத்த வயிறு பொய் சொல்லுமா? மகன் உசுரோட இருக்கான்னு உனக்கு மட்டும் அப்பவே தெரிஞ்சிருக்கு. அதான் ஜாஃபலிக்காகப் பேசியிருக்கே!"

"ஆமா ஆமா! தாய்க்குத் தெரியாதா?" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவளுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. இதில் எங்கள் தப்பு என்ன இருக்கிறது?

எனெலெசி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தலைவரே. ஜாஃபலிதான் என் புள்ளையைக் கொன்னான்னு இன்னிக்குக் காலை வரைக்கும் நானும் நம்பிக்கிட்டுதான் இருந்தேன்."