ஜெயித்த கார்

டீவியில் பத்துத் தடவை பார்த்த அந்தப் பழைய கார் பந்தயப் படத்தில் ஜெயித்த வெள்ளைக் காரில்தான் ஊர்வலம் போவேன் என்று மாப்பிள்ளை விஷால் ஒற்றைக் காலில் நின்றான். வில்லன் ஓட்டிய கறுப்புக் கார்தான் கெத்து, அதில்தான் ஏறுவேன் என்றாள் மணப்பெண் ரேவதி.

கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. பெண்ணைப் பெற்ற மாணிக்கவேல் வாலாஜாபாத்துக்கு ஓடினார். படத்துக்குக் கார் கொடுத்த இளங்கோவன் அங்கேதான் இருந்தார்.

"ரெண்டு காரும் இருக்குதாண்ணே?"

"இருக்குதுபா. அப்பலேருந்து பிரியாம ஒண்ணாவே இருக்குது."

"ரெண்டையும் அனுப்பிடுங்கண்ணே, புண்ணியமாப் போவும்."

மறுநாள் மாலை மண்டப வாசலில் ஹாரன் கேட்டது. இடப்பக்கம் நின்ற விஷால், "வெள்ளைக் கார் வந்துடுச்சு!" என்று குதித்தான். வலப்பக்கம் நின்ற ரேவதி, "கறுப்புக் கார் வந்துடுச்சு!" என்று கைதட்டினாள்.

மாணிக்கவேல் நேரெதிரே போய் நின்று பார்த்தார். ஒரே கார்தான். நடுவில் கோடு கிழித்தாற்போல் பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

"என்னாண்ணே இது?" என்று காரை ஓட்டி வந்த இளங்கோவனைக் கேட்டார்.

"புரொடியூசரால ஒரு காருக்குத்தான் முடிஞ்சுதுபா. காலையில அந்தப் பக்கம் எடுத்தாங்க, சாயங்காலம் இந்தப் பக்கம் எடுத்தாங்க."

"அப்போ ரேஸ்ல ஜெயிச்சது?"

இளங்கோவன் மீசையை முறுக்கினார்.

"நம்ம வண்டிதாம்பா. தோத்ததும் நம்ம வண்டிதான்."