பீர்க்கங்கொடியின் சாயங்காலக் கடை

ஒரே வேலியில் பூசணியும் பீர்க்கும் படர்ந்திருந்தன. இரண்டும் விடியலில்தான் பூத்தன. பூசணி தன் பெரிய பூவை விரித்து, "வாங்க, வாங்க! ஒரு வாய் குடிச்சா ஒரு வாய் இலவசம்!" என்று கூவும். தேனீக்கள் எல்லாம் அங்கேயே போய் விழுந்தன.

"இங்கேயும் ஒரு எட்டு வந்துட்டுப் போ, தாயி" என்று பீர்க்கு ஒரு தேனீயைக் கூப்பிட்டது.

"வயிறு முட்டிப்போச்சு அக்கா. இனி ஒரு சொட்டு இறங்காது."

தேனீ வராமல் காய் பிடிக்காது. ஒரு வாரத்தில் காய் பிடிக்காவிட்டால் கொடியைப் பிடுங்கிவிடுவதாகத் தோட்டக்காரர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் பீர்க்கு மொட்டை அவிழ்க்கவே இல்லை.

"என்னடி, வியாபாரம் ஆகலேன்னு கடையைச் சாத்திட்டியா?" என்று பூசணி சிரித்தது.

உச்சிவேளையில் பூசணிப்பூ வழக்கம்போலச் சுருண்டு தூங்கிப்போனது. சாயங்காலம் பசியோடு வந்த தேனீக்களுக்கு, அந்த வேலியில் பீர்க்கம்பூ மட்டும் மஞ்சளாய்த் திறந்திருந்தது. தினமும் அப்படியே நடந்தது.

வார முடிவில் தோட்டக்காரர் வந்தார். விரல் நீளப் பிஞ்சுகளைப் பார்த்துவிட்டு, கொடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

"எப்படிடி இத்தனை காய் பிடிச்சே?" என்று மறுநாள் காலையில் பூசணி கேட்டது.

"இப்போ கடை சாத்தியிருக்கு அக்கா. சாயங்காலம் முழிச்சிருந்தா கேளு" என்றது பீர்க்கு.