பார்க்கப் பார்க்க

இவளுக்கு மட்டும் எப்படி இப்படி ஒளிர்கிறது என்று நிஷா உள்ளுக்குள் புழுங்கினாள். வேலப்பன்சாவடி கல்லூரி ஆய்வகத்தின் நுண்ணோக்கியில் எவாஞ்சலினின் செல்கள் பச்சையாக மின்னின. இருவரில் ஒருத்தியின் படம்தான் ஆய்விதழின் அட்டைக்குப் போகும்.

விளக்கொளி பட்டுக்கொண்டே இருந்தால் செல்களை ஒளிரவைக்கும் எந்தச் சாயமும் மங்கிவிடும். எவாஞ்சலின் சாப்பிடப் போனதும் நிஷா விளக்கை அணைக்காமல் அந்த ஸ்லைடையே வெறித்துப் பார்த்தாள். பச்சை கூடிக்கொண்டே போனது. சந்தேகத்தோடு, இருட்டுப் பெட்டியில் வைத்திருந்த தன் இரண்டு ஸ்லைடுகளில் ஒன்றை வைத்துப் பார்த்தாள். காலையில் பளிச்சென்று இருந்தது, இப்போது வெறும் கறுப்பு. எவாஞ்சலினுடையதைத் திரும்ப வைத்தாள். இன்னும் பிரகாசம்.

திரும்பி வந்த எவாஞ்சலின் திரையைப் பார்த்துத் துள்ளினாள்.

"இன்னாடி பண்ண? உன் கண்ணு ராசியான கண்ணுடி! இன்னொரு ஸ்லைடு இருக்கு, அதையும் கொஞ்சம் பாரேன்."

பெட்டியில் நிஷாவுக்கும் இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதை மடியில் வைத்து மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி," என்றாள் மெதுவாக.