பின்வாசல்

"கொத்தனாரே, பொழுது சாயறதுக்குள்ள இந்த வாசலை அடைச்சுப்போடோணும். ஈ, எறும்பு நுழையப்படாது," என்றார் திருமலைசாமி.

"சரிங்க," என்றார் செங்கோடன்.

சமையலறையை ஒட்டிய பின்வாசல் அது. கதவையும் நிலையையும் ஆசாரி காலையிலேயே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார். வெளியே பருத்தி வெடித்துக் கிடந்தது. கிணற்றில் புதிதாக வைத்த கரண்ட் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

திருமலைசாமி வண்டி பூட்டிக்கொண்டு பஞ்சு மண்டிக்குக் கிளம்பிய பிறகு, அவர் மனைவி ராமாமணி ஒரு சொம்பு மோருடன் வந்தாள்.

"குடிச்சுப்போட்டு வேலையப் பாருங்க. நேத்து அளவெடுக்க வந்தவரு வேற ஆளல்லங்க?"

"ஆமாங்க அம்மணி. நான் போறேன்னு மேஸ்திரிகிட்டக் கேட்டு வந்தேனுங்க."

"சிங்காநல்லூருதானுங்களா?"

"இல்லீங்க. மதுக்கரைப் பக்கமுங்க."

மோரைக் குடிக்கும்போதும் அவர் கண் வீட்டுக்குள்ளேயே போய்ப் போய் வந்தது. ராமாமணி திரும்பிப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை.

"என்னங்க பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. பெரிய ஊடு. சத்தத்தையே காணமேன்னு பாத்தேன்."

செங்கோடன் நூல் பிடித்து, முதல் வரிசைச் செங்கல்லை வைத்தார். ராமாமணி உள்ளே போகவில்லை. அரிசி முறத்தை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க அம்மணி, கெணத்துக்குப் போக, வர, தோதான வாசலாட்டம் இருக்குது. இதை எதுக்குங்க அடைக்கறது?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். ஊர்க்காரர்களிடம் சொல்ல முடியாததை யாரோ ஒரு ஆளிடம் சொல்லிவிடலாம் போல இருந்தது.

"எனக்கு ஒத்தப் பையனுங்க. பாலகோபால்னு பேரு. டவுன்ல மில்லு வேலைக்குப் போன எடத்துல ஒரு புள்ளையோட பழக்கமாயிருச்சு. ராசாத்தாளாம். நம்ம சாதியில்லீங்க. கோயில்ல வெச்சுத் தாலியக் கட்டி, ஐப்பசி மழையில ஊட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டான். இவரு முன்வாசல்ல கால் வெக்க உடலீங்க. சுத்திக்கிட்டு இங்க வந்தான். 'அம்மா, கதவைத் தெற'ன்னான்."

செங்கோடன் நிமிர்ந்தார். "தெறந்தீங்களா?"

"தாப்பாள்ல கைய வெச்சேனுங்க. இவரு பின்னாடி வந்து நின்னுட்டாரு. கைய எடுத்துட்டேன்." "அந்தப் புள்ள மொகத்தைக்கூட நான் பாக்கலீங்க. வளையச் சத்தந்தான் கேட்டுது. சித்தெ நேரம் நின்னுட்டுப் போயிட்டாங்க."

கரண்டியில் எடுத்த சாந்து கீழே வழிந்தது. செங்கோடன் கவனிக்கவில்லை.

"அப்பறம் ஒருக்காக்கூட வரலீங்களா?"

"இல்லீங்க."

"ஆளுகீளு விட்டு... கடுதாசி போட்டு..."

"ஒண்ணுமில்லீங்க. ஆறு மாசமாச்சு. அவன் போனதுலருந்து இவரு இல்லாத நேரமெல்லாம் இந்தக் கதவைத் தெறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன். போன வாரம் பாத்துட்டாரு. கதவு இருந்தாத்தான தெறப்பேன்னு செவுரு வெக்கச் சொல்லிட்டாரு."

செங்கோடன் அடுத்த செங்கல்லை எடுத்தார். வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்தீராதீங்க. வேலை முடியலீன்னா எனக்குத்தான் ஏச்சு," என்றாள் ராமாமணி.

அவர் கட்டினார். ஆனால் காலையில் இருந்த வேகம் கையில் இல்லை. சுவர் இடுப்பளவு ஏறியது, மார்பளவு ஏறியது. காட்டுக் காற்று உள்ளே வருவது மெல்ல மெல்ல நின்றது. மாலையில், கடைசி இரண்டு வரிசைக்கு மட்டும் இடம் மிச்சமிருந்தபோது, ராமாமணி ஒரு முக்காலியைப் போட்டு ஏறி அந்தச் சந்தின் வழியாக வெளியே பார்த்தாள். வண்டிப்பாதையில் யாரும் இல்லை.

"ஆனா ஒரு ஆறுதலுங்க கொத்தனாரே," என்றாள். "அந்தப் புள்ளைக்கு அப்பன் இருக்கறாராம். ஒழைச்சுத் திங்கற சனம். நம்மளாட்டம் கௌரவம், காடு தோட்டமுன்னு பாத்துக் கதவைச் சாத்த மாட்டாங்க. இங்கருந்து நேரா அங்கதான் போயிருப்பாங்க. கூழோ கஞ்சியோ ஒட்டுக்காக் குடிச்சுக்கிட்டு நல்லா இருப்பாங்க. அதை நெனச்சுத்தானுங்க நான் சோறு திங்கறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்கியும் தெறக்கலீங்க அம்மணி."

"என்னங்க சொல்றீங்க?"

"ராசாத்தா நான் பெத்த புள்ளைங்க. பெரிய எடத்துப் பகை வந்துருமுன்னு பயந்துபோட்டு, 'உன்ற மாமியா ஊட்டுக்கே திரும்பிப் போ, பையனைப் பெத்தவ மனசு எளகீரும்'னு உள்ள இருந்தே சொல்லி அனுப்பிச்சுட்டேனுங்க." அவர் தோளிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "இங்கதான் இருப்பாங்க, தூர நின்னு ஒருக்காப் பாத்துட்டுப் போலாமுன்னுதானுங்க இந்த வேலையக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."