சலோமியின் சாட்சி

போதகர் தேவசித்தத்தின் ஒரே மகள் பெர்சி மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். பெட்டியை மூடும் முன் அவர் மனைவி சலோமியின் காதருகே குனிந்து, "சபை உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. அழுதுராத," என்றார். சலோமி அழவில்லை. கல்லறைத் தோட்டம்வரை பாடிக்கொண்டே நடந்தாள். அதன்பின் பிரசங்கங்களில் அவளுடைய விசுவாசத்தை அவர் சாட்சியாகச் சொல்லிவந்தார்.

மறு வருஷம் சபையைச் சேர்ந்த குளோரியின் கைக்குழந்தை இறந்தது. சலோமி அவள் வீட்டுக்குப் போனபோது குளோரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது. கண்கள் மட்டும் காய்ந்திருந்தன.

"காலையிலருந்து இப்படித்தான் இருக்கா, பாஸ்டரம்மா. எனக்குப் பயமாயிருக்கு," என்றாள் அவள் மாமியார்.

குளோரி சலோமியைப் பார்த்தாள். "நான் அழலம்மா. உங்களை மாதிரியே இருக்கேன். சரியா இருக்கேனா?"

வாசலில் தேவசித்தம் வேதாகமத்தைத் திறந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சலோமி மட்டும் தரையில் உட்கார்ந்து, குளோரியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு வருஷமாக வாயில் வராத மகளின் பெயரைச் சொல்லி உரக்க அழுதாள். அவள் கைக்குள் குளோரியின் உடம்பு மெல்ல நடுங்கத் தொடங்கியது.