கார் இறங்க வேண்டிய உயரம்

பட்டறை மேஜைமேல் மூன்று நிறத்தில் கார் ஸ்பிரிங்குகள் நின்றன. மஞ்சள் போட்டால் கார் பதினைந்து மில்லிமீட்டர் இறங்கும். சிவப்பு என்றால் முப்பது. நீலம் நாற்பத்தைந்து.

"மஞ்சளே போதும் மேடம்," என்றார் பட்டறைக்காரர். "பாக்க கெத்தா இருக்கும். காலேஜ் பசங்கல்லாம் இதத்தான் கேப்பாங்க."

"நான் கெத்துக்குக் கேக்கல."

"பின்ன, ரேஸுக்கா? இது கியரே மாத்த வேண்டாத வண்டி. இதுல ரேஸ் விட்டா சைக்கிள்காரன் சிரிப்பான்."

சைக்கிள்காரன் சிரிப்பதற்கு முன்னாலேயே, டயர் மாற்றக் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவளுக்குச் சுருக்கென்றது. குடும்பத்திலேயே கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். போன இடத்திலெல்லாம் யாராவது இப்படிச் சிரிக்க, பதிலுக்கு எரிந்து விழுந்தே இதுவரை வந்திருக்கிறாள். இப்போது வாயைத் திறந்தால் சண்டைதான்.

அதனால் டிக்கியைத் திறந்தாள். மடக்கி வைத்திருந்த சக்கர நாற்காலியை இறக்கினாள். விரித்து, கார்க் கதவைத் திறந்து, சீட்டோடு ஒட்டி நிறுத்தினாள்.

"எங்கம்மாவுக்கு இடுப்புக்குக் கீழ உணர்வில்ல. இதுலேருந்து கார் சீட்டுக்கு அவங்களாவே நகர்ந்து போகணும். யாரும் தூக்கக் கூடாது. தூக்கித்தான் ஏத்தணும்னா வண்டியே வேண்டாம்னுட்டாங்க. ரெண்டும் ஒரே மட்டத்துல நிக்கணும். இப்பச் சொல்லுங்க, மஞ்சளா?"

சிரிப்பு நின்றது.

பட்டறைக்காரர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அம்மாவை ஒரே ஒரு முறை தூக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூட்டையை இறக்குவது போல அம்மாவைக் காரிலிருந்து இறக்கினார்கள். துணி விலகியது. அதை இழுத்து மூட அம்மாவுக்குக் கை காலியில்லை. இரண்டும் அவர்கள் கழுத்தில் கிடந்தன. தெரு பார்த்தது.

அதற்குப் பிறகு அம்மா வாசலைத் தாண்டவே இல்லை.

"சிவப்பு," என்றாள் அவள். அளந்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆசை காட்டி மோசம் செய்யக் கூடாது என்று, அம்மா தூங்கும் நேரத்தில் டேப்பை வைத்துப் பார்த்திருந்தாள். கார் சீட் நாற்காலியைவிட முப்பது மில்லி உயரம். கணக்கு சரி.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மெத்தை புஸ்ஸென்று மூச்சு விட்டது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். காலி நாற்காலியை அளந்திருக்கிறாள்! ஆள் உட்கார்ந்தால் மெத்தை அமுங்கும் என்பது அந்த நேரத்துக்குப் புத்தியில் ஏறவே இல்லை.

"எந்திரிங்கண்ணே. எங்கம்மா உங்கள்ல பாதிதான். என் அளவு இருப்பாங்க."

தானே உட்கார்ந்து அளந்தாள். இன்னும் பதினைந்து மில்லி பள்ளம்.

"நீலம் போட்டா வேகத்தடைக்கு வேகத்தடை வயிறு உரசும்மா," என்றார் பட்டறைக்காரர். "சிவப்பு போட்டுக்க. பதினஞ்சு மில்லி ஒரு பெரிய விஷயமா?"

"கால ஊனாம ஏறிப் பாருங்க."

அவர் ஏறிப் பார்த்தார். இன்னும் இறங்காத காருக்கு, கால் இரண்டையும் செத்தது போல் தொங்கவிட்டு, கையை ஊன்றி. பாதி உடம்பு நாற்காலியில், பாதி அந்தரத்தில். கதவைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். முகம் சிவந்து, கடைசியில் காலை ஊன்றிவிட்டார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. காத்திருந்தவர்களில் ஒருவன் ஓடி வந்து, நாற்காலி நகராமல் பிடித்துக்கொண்டான்.

"நீலமே போடுவோம்," என்றார், மூச்சு வாங்க. "உரசுச்சுன்னா எடுத்துட்டு வா. அடியில தகடு போட்டுத் தர்றேன்."

மேடம் எப்போதோ போய், 'வா போ' வந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை வைத்திருப்பாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ணே," என்றாள். அந்தச் சொல்லுக்கு அவள் வாய் அவ்வளவாகப் பழகியிருக்கவில்லை.

அங்கிருந்து கார் இன்னொரு பட்டறைக்குப் போய், இன்னொரு சின்ன வேலையையும் முடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தது.

அம்மா கையை ஊன்றினாள். ஒரு தரம் நகர்ந்தாள். இன்னொரு தரம். உடம்பு சீட்டுக்குப் போய்விட்டது. பிறகு கால்களை ஒவ்வொன்றாக அள்ளி உள்ளே வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பதறி ஓடி வந்தார்.

"நல்லாருப்பீங்க, தள்ளி நில்லுங்க," என்றாள் அம்மா. கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

மகள் நாற்காலியை டிக்கியில் வைத்து, சுற்றி வந்து, மறுபக்கம் ஏறினாள்.

மறுபக்கத்தில் ஸ்டியரிங் இல்லை.

அது அம்மாவின் முன்னால் இருந்தது. அதற்கு அடியில், பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையாலேயே இயக்கப் புதிதாகப் பொருத்திய கைப்பிடி. இருபது வருஷம் முதலாளி வீட்டுக் காரை ஓட்டி மகளைப் படிக்கவைத்தவளுக்கு, இப்போது கண்ணாடியில், புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கான சிவப்பு 'எல்'.

அம்மா எஞ்சினைக் கிளப்பினாள். மேல் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள். கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்லடி." அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பழக்கதோஷம். பின்கதவு சாத்துற சத்தம் கேக்கட்டும்னு இருந்துட்டேன்."

பின்சீட்டில் யாரும் இல்லை.

அம்மா வண்டியை எடுத்தாள்.