நாளை மீ வீணா

அந்தப் பாட்டு அவளுக்குத் தெரியும்.

முதல் வரியிலேயே பிடரி சிலிர்த்துவிட்டது.

குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரம். கடலோர நடைபாதையில் கோடைக்கால மாலை. சூரியன் இன்னும் தண்ணீருக்கு மேலே ஒரு பனையளவு உயரத்தில் நின்றது. மேடையில் யூரே பலாசிச். எழுபதைத் தாண்டிய பாடகர். அவர் பாட்டு ஒலிக்காத கலியாண வீடு இந்த நாட்டிலேயே கிடையாது என்று பக்கத்தில் நின்ற லோவ்ரே சொல்லியிருந்தான்.

அவள் அந்தப் பெயரையே இந்த வாரந்தான் கேள்விப்பட்டாள்.

ஆனால் பாட்டு?

நாளை மீ வீணா, மோரே.

அப்பாவின் தாலாட்டு.

அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. சுவிஸின் பேர்ண் நகரத்து மாடி வீட்டில் அவளைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டித் தூங்கவைத்தது அப்பாதான். அவருக்குத் தெரிந்த ஒரே தாலாட்டு அது. நாளை வரும். வீணை வரும். கடைசியில் மோர் வரும். இடையில் வருவது ஒன்றும் விளங்காது. யாழ்ப்பாணத்துப் பழந்தமிழாக்கும் என்று நினைத்திருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒருமுறை பெருமையாகப் பாடியும் காட்டினாள். டீச்சர் அவளை இன்னொரு முறை பாடச் சொன்னார். பிறகு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

இப்போது அதை ஊரே பாடியது.

லோவ்ரேயின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ஐஸ்கிரீம் விற்றவன் கரண்டியை உயர்த்திப் பிடித்துப் பாடினான். படகுகளில் நின்றவர்கள் பாடினார்கள்.

அவளும் பாடினாள்.

ஒரு சொல் பிசகாமல்.

லோவ்ரேக்கு வாய் நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அவளுக்குத் தன் பாஷையைச் சொல்லிக்கொடுக்கிறான். காலை வணக்கத்தையும் காப்பியையும் தாண்டி அவள் வந்ததில்லை.

"உனக்கு எப்படி இது?"

"எங்கள் வீட்டுத் தாலாட்டு!"

"தாலாட்டா? இது குடிகாரன் பாட்டு!"

நாளை மீ என்றால் எனக்கு ஊற்று என்பதாம். வீணா என்றால் வைனாம். மோரே என்றால் கடலாம். எனக்கு வைனை ஊற்று, கடலே. படகை விற்றுக் குடித்துவிட்டேன், பெண்டாட்டி கதவைத் திறக்கமாட்டாள், நீயாவது ஊற்று.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிற அப்பா. கலியாண வீட்டில் பியர்ப் போத்தலைக் கையால் தள்ளி வைக்கிற அப்பா. கைக்குழந்தைக்கு ராத்திரி ராத்திரியாக இதையா பாடினார்!

யோசிக்காமல் போனை எடுத்தாள். வீடியோவில் அப்பா வந்தார். பல்கனியில் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கேளுங்கோ!"

போனை மேடைப் பக்கம் திருப்பினாள்.

அப்பா கேட்டார். வாளி சரிந்து தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"ஐயோ! இது அந்தேயின்ர பாட்டெல்லே!"

அந்தே என்று ஒருவரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா மூச்சு விடாமல் சொன்னார். அகதியாக வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினாராம். பக்கத்துத் தொட்டியில் கழுவியவன் அந்தே. குரோஷியாக்காரன்.

"அவன்ர ஊரிலயும் சண்டை, எங்கட ஊரிலயும் சண்டை. கதைக்க ஒரு பாஷையும் இல்லை, பிள்ளை. அதால பாடினனாங்கள்."

சொல்லிவிட்டு அவரும் பாட ஆரம்பித்தார். பேர்ணில் ஒரு பல்கனியும் ஸ்ப்ளிட்டில் ஒரு கடற்கரையும் சேர்ந்து பாடின. அப்பா அரை வினாடி பிந்தி வந்தார். அவள் துள்ளினாள். கூட்டம் முழுவதையும் அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத் திருப்பினாள்.

திரையில் அவள் முகம் விழுந்தது.

அவள் தோளைச் சுற்றி லோவ்ரேயின் கை.

வீட்டாரைப் பொறுத்தவரை இவன் இல்லவே இல்லை. கூட வேலை செய்கிற பெண்களோடு சுற்றுலா என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கையைத் தட்டிவிடலாம். போனை அணைக்கலாம். சிக்னல் போய்விட்டது என்று பிறகு சொல்லலாம்.

அவள் அப்படியே நின்றாள்.

மேடையில் மாண்டலின் மட்டும் தனியாக ஓடியது. அப்பா பாட்டை நிறுத்தியிருந்தார்.

"ஆர் பிள்ளை அது?"

"லோவ்ரே." போனை முகத்துக்கு நேரே இறக்கினாள். "இந்த ஊர்ப் பெடியன், அப்பா. பேர்ணிலதான் வேலை. எனக்குப் பிடிச்ச பெடியன்."

அப்பா போனுக்குப் பக்கத்தில் வந்தார். திரை முழுக்கத் திருநீறும் இரண்டு கண்களும்.

மாண்டலின் முடியப்போகிறது.

"ரெண்டாம் சரணம் வர, அந்தே அழுதிடுவான்," என்றார் அப்பா. "ஒருநாளும் முடிச்சதில்லை. அதுக்கங்கால பாட்டு எனக்குத் தெரியாது."

அவர் விரல் திரையில் லோவ்ரேயின் பக்கம் நீண்டது.

"உவனைப் பாடச் சொல்லு."

அவள் ஜெர்மனில் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை அவன் பக்கம் திருப்பினாள்.

லோவ்ரே அவள் தோளிலிருந்து கையை எடுத்தான்.

சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டான்.